கிரேடு 2 என்று வந்த அறிக்கை: கோத்தகிரியிலிருந்து ஒரு சினைப்பைப் புற்றுநோய் நிகழ்வு

நோயாளிக்கு 44 வயது. கோத்தகிரியை அடுத்த ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். மாதவிலக்கு நிற்கவில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்ததாகத் தெரியவில்லை. அவரும் மகளும் எழுதச் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். பெயரும் எஸ்டேட்டும் வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன்.

பல மாதங்களாக வயிறு உப்புசம். இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தது, ஆனால் கைகால் மெலிந்துகொண்டே வந்தது. கடைத்தெரு மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கொழுந்து மூட்டையைத் தலையில் தூக்கும்போது அடிவயிற்றில் இழுத்துப் பிடித்த ஒருநாள்தான் ஸ்கேன் எடுத்தார்கள். இடது சினைப்பையில் 14 செ.மீ. கட்டி.

சமவெளியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அதை நீர்க்கட்டி என்று எண்ணித் திறந்து, இடது சினைப்பையை மட்டும் எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் வந்த பதில் ஒரே வரி: பாப்பிலரி சீரஸ் கார்சினோமா, கிரேடு 2. சீரஸ் என்பது சினைப்பைப் புற்றில் ஒரு வகை. அதன்பின் எடுத்த சி.டி. ஸ்கேனில் குடலை மூடியிருக்கும் ஓமெண்டம் என்ற கொழுப்புப் போர்வையிலும், வயிற்று உட்சவ்விலும் முடிச்சுகள் தெரிந்தன. ரத்தத்தில் பார்க்கும் புற்றுக் குறியீடான சிஏ-125 அளவு 142. பொதுவாக 35-க்குள் இருக்க வேண்டியது. ஆனால் வயிற்றைத் திறந்து செய்யும் எந்த அறுவையும் அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றிவிடும், ஆகவே அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்று சுற்று கீமோ கொடுத்துக் கட்டிகளைச் சுருக்கி, பிறகு பெரிய அறுவை செய்வது, அதன்பின் மீண்டும் மூன்று சுற்று என்று திட்டம் போட்டார்கள்.

இந்தத் திட்டம் தொடங்கும் முன்புதான் மகள் அந்த ஃபைலோடு எங்கள் ஆய்வக ஜன்னலுக்கு வந்தார். நான் நோயியல் மருத்துவர். நோயாளிகளின் முகத்தைவிட அவர்களுடைய திசுக்களைத்தான் அதிகம் பார்ப்பேன். மலைமேல் சின்ன மருத்துவமனை என்பதால் ஜன்னலுக்கு வருகிறவர்களோடு பேசாமல் இருக்க முடியாது.

"மேடம், கிரேடு ரெண்டுன்னா ரெண்டாவது ஸ்டேஜ்தானே? ரெண்டுன்னா காப்பாத்திரலாம்னு சித்தப்பா சொன்னாரு."

அதே ஃபைலில் இருந்த சி.டி. அறிக்கைப்படி நோய் குறைந்தது மூன்றாவது ஸ்டேஜ். அதை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. அறிக்கையில் கண்ணில் பட்ட ஒரே எண் 2. வீடு முழுக்க அந்த இரண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஸ்டேஜ் என்பது நோய் உடலில் எங்கெங்கே போயிருக்கிறது என்ற கணக்கு. சினைப்பைக்குள்ளேயே இருந்தால் ஒன்று. இடுப்புக்குழிக்குள் பரவியிருந்தால் இரண்டு. அதைத் தாண்டி வயிற்று உட்சவ்வுக்கோ வயிற்றின் பின்புற நெறிக்கட்டிகளுக்கோ போயிருந்தால் மூன்று. நுரையீரல் உறை நீரில் புற்றுச்செல்கள் இருந்தாலோ, கல்லீரலின் உள்ளே போயிருந்தாலோ நான்கு. இதற்கு ஸ்கேனும், அறுவையின்போது மருத்துவர் வயிறு முழுக்கக் கண்ணால் பார்த்துக் கையால் தடவி எடுத்த மாதிரிகளும் வேண்டும். கிரேடை ஸ்கேனில் பார்க்க முடியாது. கட்டியின் செல்கள் எப்படி இருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது அது. எடுத்தது ஒரு சினைப்பை மட்டும் என்றால், அதை வைத்துக் கிரேடு சொல்லலாம், முழு ஸ்டேஜ் சொல்ல முடியாது.

மகளிடம் இவ்வளவையும் சொன்னேன். முகம் வாடியது. ஆனால் அந்த ஒற்றை வரியில் எனக்கு உறுத்திய இன்னொன்றும் இருந்தது.

சீரஸ் வகைக்கு கிரேடு 2 என்ற ஒன்று இப்போது கிடையாது. ஒரு காலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று படியாகத்தான் எல்லோரும் எழுதினார்கள். 2004-இல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்து நோயியலாளர்கள் சீரஸ் புற்றுக்கு இரண்டே பிரிவு போதும் என்று முன்வைத்தார்கள்: குறைந்த கிரேடு, உயர்ந்த கிரேடு. உட்கருக்களின் அளவு ஒன்றுக்கொன்று மூன்று மடங்குக்கு மேல் வேறுபட்டுத் தாறுமாறாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குத் துணையாக, உயர் உருப்பெருக்கத்தில் பத்துப் புலங்களில் 12-க்கு மேல் செல் பிரிவுகள் தெரிகின்றனவா என்பது. உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இது இடம்பெற்றது. 2020 பதிப்பிலும் இதுதான். பழைய பழக்கத்தில் நடுவில் ஒரு 2 போடுவது பல இடங்களில் இன்னும் நடக்கிறது. அந்த நடு எண்ணைப் படிக்கும் மருத்துவர் அதை உயர்ந்த கிரேடு என்றே எடுத்துக்கொள்வார். சினைப்பையில் வரும் எபிதீலியல் (மேலுறைச் செல்) புற்றுகளில் சுமார் 70 சதவீதம் உயர் கிரேடு சீரஸ்தான், குறைந்த கிரேடு சீரஸ் சுமார் 5 சதவீதமே என்பதால் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முன்பு கிரேடு 2 என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை மறுபடி பார்த்தபோது உயர் கிரேடாகவே தேறின. இந்த அம்மாவுக்கு 44 வயதுதான் என்பதும், மாதக்கணக்காக மெல்ல வளர்ந்த நோய் என்பதும்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன. உயர் கிரேடு சீரஸ் பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பிறகு, அறுபதை ஒட்டி வருவது. குறைந்த கிரேடு அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே வரும்.

பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும், எடுத்த சினைப்பையில் ஜாடியில் மிச்சமிருக்கும் திசுவையும் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். பிளாக் என்பது திசுத் துண்டை மெழுகில் பதித்த சின்னக் கட்டை. அது நோயாளிக்காகப் பாதுகாக்கப்படுவது. இரண்டாவது கருத்துக்காகக் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். இது தெரியாமலேயே எத்தனையோ குடும்பங்கள் அறிக்கையின் ஜெராக்ஸை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகின்றன. ஜெராக்ஸை மைக்ராஸ்கோப்பில் வைக்க முடியாதே.

ஐப்பசி அடைமழையில் மேட்டுப்பாளையம் பாதையில் ஏறி மகளும் சித்தப்பாவும் கொண்டுவந்தார்கள். பிளாக்குகள் இரண்டே இரண்டு. 14 செ.மீ. கட்டிக்கு இது மிகக் குறைவு. ஒரு செ.மீ.க்கு ஒரு துண்டு வீதம் எடுத்துப் பார்ப்பதுதான் நெறி. கட்டியின் ஒரு மூலையில் ஒரு முகமும் இன்னொரு மூலையில் வேறு முகமும் இருக்கலாம், கிரேடு சொல்ல எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். நல்லவேளையாக ஃபார்மலின் ஜாடியில் கட்டியின் மிச்சம் அப்படியே இருந்தது.

அதை வெளியே எடுத்து, கழுவி, பலகையில் வைத்துத் திறந்தேன். உட்சுவர் முழுக்க வெல்வெட் மாதிரி மெல்லிய காம்புகள். கத்தியை இறக்கியபோது நறநறத்தது. அந்தச் சத்தம் எங்கள் தொழிலில் ஒரு தகவல். கட்டிக்குள் நுண்ணிய சுண்ணாம்பு உருண்டைகள் நிறைய இருந்தால்தான் கத்தி அப்படி நறநறக்கும். அவற்றை சம்மோமா உருண்டைகள் என்போம். உயர் கிரேடிலும் அவை வரும், ஆனால் குறைந்த கிரேடில்தான் கொத்துக்கொத்தாக இருக்கும். பதினாறு துண்டுகள் எடுத்துப் புதிதாக பிளாக் போட்டேன்.

ஸ்லைடுகளில் தெரிந்தது இதுதான். பெரும்பகுதி, திசுவை ஊடுருவாத பார்டர்லைன் சீரஸ் கட்டி. அதற்கு நடுவே, வெற்றிடம் சூழ்ந்த சின்னச் சின்னக் கூடுகளாகச் செல்கள் அடித்திசுவுக்குள் இறங்கியிருந்த இடங்கள். அவைதான் புற்று. உட்கருக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வட்டம். பத்துப் புலங்களில் செல் பிரிவுகள் 3. எங்கும் அழுகல் இல்லை. பதினாறு துண்டுகளிலும் ஒன்றில்கூட உயர் கிரேடுக்குரிய அரக்க உட்கரு கண்ணில் படவில்லை. பழைய இரண்டு பிளாக்குகளில் ஒன்றில் செல்கள் நெருக்கமாக அடுக்கியிருந்த ஓர் இடம் இருந்தது. அதை மட்டும் பார்த்தவர் நடுவில் ஒரு எண் போட்டதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

புரதச் சாயப் பரிசோதனைக்கு ஒரு பிளாக்கைக் கோவைக்கு அனுப்பினோம். பி53 என்ற புரதத்தைக் காட்டும் சாயம்தான் இதில் முக்கியம். உயர் கிரேடு சீரஸில் அந்தப் புரதத்துக்கான டிபி53 மரபணு ஏறக்குறைய எல்லோருக்கும் பழுதாகியிருக்கும். 2011-இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணு வரைபட ஆய்வில் அது 96 சதவீதம். பழுதானால் சாயத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று தெரியும். எல்லா உட்கருவும் அடர் பழுப்பாகப் பற்றிக்கொள்ளும், அல்லது ஒன்றுகூடப் பற்றாமல் வெளிறிக் கிடக்கும். இவருடையதில் சில உட்கருக்கள் அடர்த்தி, சில மங்கல், பல வெறுமை. ஆரோக்கியமான செல்லில் தெரிவதும் இப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பெரும்பாலான செல்களில் வலுவாக இருந்தது.

குறைந்த கிரேடு சீரஸ் கார்சினோமா, பார்டர்லைன் கட்டியிலிருந்து எழுந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. குறைந்த கிரேடும் உயர் கிரேடும் ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேல்படியும் அல்ல. அவை இரண்டு தனி நோய்கள். உயர் கிரேடு பெரும்பாலும் கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்குகிறது என்று இப்போது நமக்குத் தெரியும். சினைப்பைக்கு அது அங்கிருந்து வந்து சேர்கிறது. குறைந்த கிரேடு பார்டர்லைன் கட்டி வழியாக மெல்ல வருகிறது, அதில் கேஆர்ஏஎஸ், பிஆர்ஏஎஃப் போன்ற மரபணுக்களில்தான் மாற்றங்கள் இருக்கும். ஒன்று முற்றி இன்னொன்றாக மாறுவது அபூர்வம். "குறைஞ்ச கிரேடா, அப்போ ஆபத்து கம்மி" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவதும் முழுக்கச் சரியில்லை. அது மெதுவாக வளரும் என்பது உண்மை. அதே காரணத்தால் கீமோவுக்கு அவ்வளவாக மசியாது என்பதும் உண்மை. வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கீமோ தேடித் தாக்குகிறது. உயர் கிரேடு சீரஸ் முதல் கீமோவில் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே கரையும், பிறகு இரண்டு மூன்று வருடங்களுக்குள் பலருக்குத் திரும்பி வரும். திரும்பி வந்த குறைந்த கிரேடு கட்டிகளோ கீமோவில் சுருங்கியது 2009-இல் வந்த ஒரு தொகுப்பில் சுமார் 4 சதவீதம்தான்.

கீமோவால் சுருக்கி, பிறகு அறுப்பது என்ற திட்டம் இவருக்கு ஏன் பொருந்தாது என்பது இதிலிருந்து தெளிவு. சுருங்காத கட்டிக்காக மூன்று சுற்று காத்திருந்தால் காலம் போகும், உடம்பு தளரும், அறுவை செய்ய வேண்டிய நோய் அப்படியே இருக்கும். உயர் கிரேடாக இருந்து, நோய் பரவலாக இருந்திருந்தால் அதே திட்டம் சரியானது. மாற்றியது கிரேடு ஒன்றுதான்.

அம்மாவும் அடுத்த முறை ஜன்னலுக்கு வந்திருந்தார். குறைந்த கிரேடும் உயர் கிரேடும் இரண்டு தனி நோய்கள் என்பதை அவருக்கு விளக்கியபோது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மழைக்குக் கொப்புள நோய் வரும், வெயிலுக்குச் செஞ்சிலந்தி வரும். ரெண்டும் இலையத்தான் கெடுக்குது. ஆனா கொப்புளத்துக்கு அடிக்கிற மருந்து சிலந்திக்குக் கேக்காது. அது மாதிரியா டாக்டரம்மா?"

"அதேதாம்மா" என்றேன். தேயிலையில் கொப்புளம் பூஞ்சை, செஞ்சிலந்தி சிலந்திப்பேன் இனம். அதற்குத் தாமிர மருந்து, இதற்கு வேறு மருந்து.

கோவையில் பெண்களுக்கான புற்றுநோய் அறுவை நிபுணரிடம் ஃபைல் போனது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு நிற்கவில்லை. ஆனால் ஆளோடு ஆள் போய்த் தங்குவதும், வேலைநாள் இழப்பதும், மலைக்கும் சமவெளிக்கும் பேருந்துச் செலவும் எந்த அட்டையிலும் வராது. கருப்பை, வலது சினைப்பை, இரண்டு கருக்குழாய்கள், ஓமெண்டம், உட்சவ்வில் ஒட்டியிருந்த முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே அறுவையில் எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்து எதுவும் மிச்சமில்லை. குறைந்த கிரேடில் ஒருவருடைய பிற்கால வாழ்வை நிர்ணயிப்பதில் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை என்றே சொல்வேன். ஓமெண்டத்தில் இருந்த பெரிய முடிச்சு 3.5 செ.மீ. இரண்டு செ.மீ.க்கு மேல் என்பதால் ஸ்டேஜ் 3சி. முடிச்சுகளிலும் அதே குறைந்த கிரேடு செல்கள்தான்.

அறுவைக்குப் பிறகு என்ன கொடுப்பது என்பதில் மருத்துவக் குழுவில் பேச்சு நடந்தது. இன்று இரண்டு வழிகள் ஏற்கப்பட்டவை. கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் கீமோ முடித்துவிட்டு ஹார்மோன் மாத்திரை, அல்லது கீமோ இல்லாமல் நேரே ஹார்மோன் மாத்திரை. முதல் வழிக்குப் பின்னால் இருக்கும் எண்கள் கனமானவை. 2017-இல் வெளியான ஆய்வில், கீமோவுக்குப் பின் ஹார்மோன் சிகிச்சை தொடர்ந்தவர்களுக்கு நோய் திரும்பாத இடைநிலைக் காலம் 64.9 மாதங்கள், வெறுமனே கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு 26.4 மாதங்கள். அது பழைய பதிவேடுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, ஆகவே அந்த இடைவெளி முழுக்க மாத்திரையாலேயே வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தும் குழு முதல் வழியையே தேர்ந்தது.

மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, மொத்தம் ஆறு. மூன்றாவது சுற்றிலேயே விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தன. பேக்ளிடாக்சலின் வழக்கமான பின்விளைவு இது. பலர் பட்டன் போடச் சிரமம் என்பார்கள். இவருக்கு அது பிழைப்பு. இரண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ளுவது கண்ணின் வேலை பாதி, விரல் நுனியின் வேலை பாதி. நான்காவது சுற்று முடிந்தபோது, கொழுந்து எது, முற்றிய இலை எது என்று தொட்டுப் பார்த்தால் தெரியவில்லை என்று சொல்லி அழுதார். உயர் கிரேடாக இருந்திருந்தால் அளவைக் குறைத்தாவது, மருந்தை மாற்றியாவது ஆறு சுற்றையும் முடிக்கத்தான் எந்த மருத்துவரும் முயல்வார். இது குறைந்த கிரேடு, மிச்சம் இல்லாத அறுவை நடந்திருக்கிறது, மீதி இரண்டு சுற்றில் கிடைக்கக்கூடிய ஆதாயம் சிறியது. ஆகவே நான்கோடு நிறுத்தி லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரைக்கு மாறினார்கள். இந்த முடிவை நான் மனதார ஆதரிக்கிறேன். ஒரு பெண்ணின் விரல் நுனியைக் காப்பாற்ற மருத்துவர்களுக்குத் துணிவு தந்தது அந்த மறுபரிசோதனை.

லெட்ரோசோல் தினமும் 2.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. உடலில் எஞ்சும் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை அது அடைக்கிறது. சினைப்பைகள் வேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு இதைத் தனியாகக் கொடுத்துப் பயனில்லை. இவருக்கு இரண்டுமே எடுக்கப்பட்டுவிட்டதால் சரி. காலையில் எழுந்தால் முழங்கால், விரல் கணு எல்லாம் இறுகிப் பிடிக்கும். எலும்பு தேயும் என்பதால் எலும்பு அடர்த்தி பார்த்து, கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த நிகழ்வைப் படித்துவிட்டு எல்லா சினைப்பைப் புற்றையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது. எண்டோமெட்ரியாய்டு வகைக்கு 1, 2, 3 என்ற எண்கள் இன்னும் உண்டு. சுரப்பி அமைப்பு இல்லாமல் கெட்டியாக வளர்ந்த பகுதி 5 சதவீதம் வரை என்றால் 1, பாதி வரை 2, பாதிக்கு மேல் 3. அதில் கிரேடு 1, ஒரே சினைப்பைக்குள் நின்றது என்றால் அறுவையோடு விட்டுவிடலாம், கீமோ வேண்டியதில்லை. கிளியர் செல் வகைக்கு எண் போடுவதே இல்லை, அது எப்போதும் உயர் கிரேடுதான். இளம்பெண்களுக்கு வரும் முதிராத டெரட்டோமாவில் முதிராத நரம்புத் திசு எவ்வளவு என்று அளந்து கிரேடு சொல்வார்கள், கட்டி ஒரே சினைப்பைக்குள் இருக்கும்போது கீமோ வேண்டுமா என்ற கேள்விக்கே அந்த அளவுதான் பதில். ஆகவே எண்ணை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். எந்த வகைக் கட்டி என்ற சொல் முன்னால் இருக்க வேண்டும். சீரஸ் என்று எழுதி 2 என்றும் போட்டிருந்தால், "இது உயர் கிரேடா, குறைந்த கிரேடா, பி53 பார்த்தீர்களா" என்று உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். கீமோ தொடங்கும் முன் கேட்பது நல்லது. உயர் கிரேடு என்று உறுதியானால் அடுத்ததாகக் கேட்க வேண்டியது பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை. அதன் விடையைப் பொறுத்து ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் பயன்படும், மகள்களுக்கும் சகோதரிகளுக்கும் அது ஒரு முன்னெச்சரிக்கை.

கடைசியாகப் பார்த்தபோது சிஏ-125 அளவு 11. ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. விரல் மரப்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் குறைந்துவருகிறது. இப்போது இலை பறிக்கப் போவதில்லை, எஸ்டேட்டின் நாற்றங்கால் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். குறைந்த கிரேடு பல வருடங்கள் கழித்தும் திரும்பலாம் என்பதால் சோதனைகள் ஐந்து வருடத்தோடு நிற்காது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறோம். பதினாறு பிளாக்குகளும் எங்கள் அலமாரியில் எண்ணிட்டு இருக்கின்றன. மறுபடி தலைதூக்கினால் கேஆர்ஏஎஸ் பரிசோதனைக்கு அவற்றில் ஒன்றை அனுப்ப வேண்டியிருக்கும். எந்த பிளாக்கில் புற்றுச்செல்கள் அதிகம் என்பதை அறிக்கையிலேயே எழுதி, ஒரு பிரதியை மகளிடம் கொடுத்திருக்கிறேன்.